வேலிச் சண்டையும் கிணற்றடிச் சண்டையும்

கேள்வி: நாங்கள் குறும்படம் எடுக்கிற பெடியள். எங்கள் முதல் படத்தில் ஓய்வுபெறப் போகிற ஒரு சார்ஜன்டும் சொல்வழி கேளாத ஒரு இளம் கான்ஸ்டபிளும் முட்டி மோதிக் கடைசியில் சேர்ந்துவிடுவார்கள். இப்போது இரண்டாம் பாகம் எழுதுகிறோம். திரும்பச் சண்டை பிடிக்க வைத்தால் வேண்டுமென்று வைத்த மாதிரி இருக்கிறது, வைக்காவிட்டால் சப்பென்று இருக்கிறது. என்ன செய்யலாம் ஐயா? (வாசகர், கொக்குவில்)

பதில்: தம்பி, முதல் படத்தில் நீங்கள் எழுதியது வேலிச் சண்டை. ஆளை ஆள் தெரியாது, கதியால் அரை அடி தள்ளி வந்துவிட்டது என்று கத்துவார்கள், அவ்வளவுதான். இரண்டாம் பாகத்துக்கு வேண்டியது பங்குக் கிணற்றுச் சண்டை. அண்ணனும் தம்பியும் கதைப்பதில்லை, ஆனால் விடிந்தால் இரண்டு பேரும் அதே கிணற்றில்தான் தண்ணீர் அள்ள வேண்டும், மற்றவனுக்கு எங்கே தொட்டால் நோகும் என்பதும் இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

'லீத்தல் வெப்பன்' என்ற ஹொலிவூட் பொலிஸ் படம் 1987 இல் வந்தபோது மனைவியை இழந்து, செத்தாலும் பரவாயில்லை என்று திரிகிற ரிக்ஸும் குடும்பஸ்தனான மேர்ட்டாவும் என்ற இரண்டு பொலிஸ்காரர் மோதிக்கொண்டதில் ஒரு நியாயம் இருந்தது. 1989 இல் இரண்டாம் பாகம் வரும்போது ரிக்ஸ் தன் அழுக்கு உடுப்பைக்கூட மேர்ட்டா வீட்டில்தான் தோய்க்கிறான். பழைய சண்டைக்கு இடமே இல்லை. அதனால் கொழுவலைச் சின்னதாக்கி விட்டார்கள்: மேர்ட்டாவின் மனைவியுடைய புதுக் கார் ஒவ்வொரு துரத்தலிலும் கொஞ்சம் கொஞ்சமாக நொறுங்குகிறது, அந்த மனுசன் வீட்டில் என்ன சொல்வது என்று பதறுகிறான். அப்புறம் அந்தக் கழிவறைக் காட்சி. மேர்ட்டா குந்தியிருக்கிற இருக்கைக்குக் கீழே குண்டு, எழும்பினால் வெடிக்கும், கால் மரத்துப்போய்விட்டது. ரிக்ஸ் வெளியே போகாமல் பக்கத்திலேயே நின்று பகிடி விடுகிறான். ஒரு சண்டையும் இல்லை, ஆனால் இரண்டு பேரும் யார் என்று அந்த ஒரு அறைக்குள் முழுதாகத் தெரிந்துவிடுகிறது. (ரிக்ஸின் மனைவியைக் கொன்றவனே இரண்டாம் பாகத்து வில்லன்தான் என்று பிறகு முடிச்சுப் போட்டது எனக்குப் பிடிக்கவில்லை. உலகத்தில் வேறு வில்லனே இல்லையா?)

2003 இல் வந்த 'பேட் பாய்ஸ்' இரண்டாம் பாகத்தில் இன்னும் நல்ல விதை இருந்தது. மார்கஸும் மைக்கும் அதில் வருகிற பொலிஸ் கூட்டாளிகள். மார்கஸ் இடமாற்றம் கேட்டிருப்பதை மைக்கிடம் மறைக்கிறான், மார்கஸின் தங்கையோடு பழகுவதை மைக் மறைக்கிறான். நண்பர்களுக்குள் மட்டுமே வரக்கூடிய சண்டை இது. ஆனால் இரண்டரை மணித்தியாலத்துக்குக் கிட்ட ஓடுகிற படத்தில் அதையெல்லாம் வெடிச்சத்தம் விழுங்கிவிட்டது.

உங்கள் கதைக்கு வருவோம். கான்ஸ்டபிள் தன் கலியாணப் பேச்சை சார்ஜன்டிடம் மறைக்கட்டும், ஏன் மறைத்தான் என்பதில் கதை பிறக்கும். அல்லது சார்ஜன்ட் தன் கண் பார்வை மங்குவதை மறைக்கட்டும். துப்பாக்கி பிடிக்கிறவருக்கு அது சின்ன விசயமில்லை.

கேள்வி: சிரிப்புக்கு மூன்றாவது ஆள் ஒருவரைச் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம். நான் சொன்ன 1989 படத்தில் நடிகர் ஜோ பெஸ்கி வாய் மூடாமல் கதைக்கிற லியோவாக வந்தபிறகு இரண்டு பொலிஸ்காரரும் ஒரே கட்சியாகி அவரை நக்கலடிக்கத் தொடங்குவார்கள். ஆனால் சிரிப்புக்காரன் கதையில் ஏதாவது வேலை செய்யவேண்டும், லியோ சும்மா வந்தவன் இல்லை, கள்ளப் பணக் கணக்குத் தெரிந்த சாட்சி.

கேள்வி: முடிவில் ஒருவரைச் சாகடித்தால்?

பதில்: அதே 1989 படத்துக்கு முதலில் கதை எழுதிய ஷேன் பிளாக் ரிக்ஸைச் சாகடித்துத்தான் முடித்திருந்தார், எடுத்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் விலகிவிட்டார். நீங்கள் கட்டாயம் ஒருவரைக் கொல்லத்தான் வேண்டும் என்றால் சார்ஜன்டைத் தொடாதீர்கள். ஓய்வுக்கு ஒரு கிழமை இருக்கிற சார்ஜன்ட் சாவார் என்பது தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவருக்கே தெரியும்.