வேலியோரம் ஒரு விரிசல்

கேள்வி: கோத்தகிரி அருகே எட்டு சென்ட் இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறோம். நீலகிரிக்கு வடக்கே மாயாறு, தெற்கே பவானி என இரண்டு பக்கமும் பூமிப் பிளவு ஓடும் வரைபடத்தை மகள் காட்டினாள். போன மழைக்கு அப்புறம் வேலியோரம் இருபதடி நீளத்துக்கு மண் விரிந்திருக்கிறது. அடியில் இருக்கும் பிளவுதான் மேலே தெரிகிறதா? வீடு கட்டலாமா?

பதில்: மகள் காட்டிய கோடுகள் நிஜம்தான். ஆனால் அவை 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. பல கிலோமீட்டர் ஆழத்தில், சூட்டில், பிசைந்த மாவை இழுத்ததுபோல் பாறை நசுங்கி நீண்ட பட்டைகள் அவை. பழைய தழும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூகம்பத்துக்கு நிலவியலாளர்களான நாங்கள் தேடுவது செயல்படும் பிளவை. பொதுவாகக் கடந்த பத்தாயிரம் ஆண்டுகள் வாக்கில் ஒரு முறையாவது அசைந்திருக்க வேண்டும். வான்படங்களில் நாலைந்து ஓடைகள் ஒரே கோட்டில், ஒரே பக்கமாக ஒடிந்து திரும்பினால் சந்தேகம் வரும். அந்தக் கோட்டுக்குக் குறுக்கே ஆளுயரத்துக்கு மேல் குழி வெட்டி, சுவரைச் சுரண்டிப் பார்ப்போம். கீழே மணலும் களிமண்ணும் அறுந்து ஓரடி இறங்கியிருக்கும். மேலே ஓர் அடுக்கு அறுபடாமல் போர்வை மாதிரிக் கிடக்கும். பூகம்பம் வந்தது இந்த இரண்டும் படிந்த காலங்களுக்கு நடுவில். இரண்டிலும் கரித்துண்டு அகப்பட்டால் கார்பன் முறையில் காலத்தைச் சொல்லிவிடலாம். (நாள் முழுக்கச் சுரண்டி ஒரு கரித்துண்டும் அகப்படாத குழிகளும் உண்டு.) இப்படி மூன்று, நான்கு பூகம்பங்கள் கிடைத்தால்தான் எத்தனை காலத்துக்கு ஒருமுறை என்ற கணக்கே வரும்.

ஜப்பானின் அவாஜி தீவில் நொஜிமா பிளவு முன்பே வரைபடத்தில் ஏறியிருந்தது. 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரத்தை நொறுக்கிய பூகம்பத்தில் அந்தக் கோட்டின் வழியாகவே தரை ஒன்றிரண்டு மீட்டர் நகர்ந்தது. ஒரு வீட்டின் மதில் துண்டாகி விலகி நிற்பதை இன்றும் அப்படியே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். வீடு விழவில்லை.

அவாஜி இருப்பது நிலத்தட்டுகள் மோதும் விளிம்பில். நாம் இருப்பது தட்டின் நடுவில். இங்கே அசைவு மிக மெதுவாக நடக்கும், இருக்கும் தடயத்தையும் மழையும் தேயிலைத் தோட்டமும் அழித்துவிடும். அதனால் கோடு தெரியாத இடத்தில் பூகம்பம் வராது என்று சொல்ல முடியாது. 1993இல் சுமார் பத்தாயிரம் பேரைக் கொன்ற லாத்தூர் பூகம்பம் யாரும் எதிர்பார்க்காத இடத்தில்தான் வந்தது. 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பக்கமும் ஏறத்தாழ 6 அளவில் ஒன்று வந்திருக்கிறது. நீலகிரி நடுத்தர ஆபத்துள்ள மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் இருப்பதால், வீட்டை அதற்கேற்ற கம்பிக்கட்டோடு கட்டச் சொல்லுங்கள். செங்கல் சுவர் என்றால், கதவு ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தில் கான்கிரீட் பட்டை எங்கும் அறுபடாமல் வீட்டைச் சுற்றி ஓட வேண்டும்.

சரி, உங்கள் விரிசல். பூகம்பப் பிளவு சரிவைச் சட்டை செய்யாது. மேடு பள்ளம் தாண்டிக் கிலோமீட்டர் கணக்கில் நேராக ஓடும். உங்களுடையது பிறை மாதிரி வளைந்து, முனைகள் இரண்டும் பள்ளத்தைப் பார்க்கின்றனவா? பள்ளத்துப் பக்க மண் கொஞ்சம் இறங்கியிருக்கிறதா? வேலிக்கல் சாய்ந்திருக்கிறதா? அப்படியானால் அது மண்சரிவின் தொடக்கம். எனக்கு இதுதான் பெரிய கவலை. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது பூகம்பமல்ல, மழையில் ஊறிய சரிவுகள். ஊறி நிற்கும் சரிவுக்குத் தொலைவில் வரும் ஓர் அதிர்ச்சியே போதும்.

விரிசலைக் களிமண்ணால் அடைத்து, மேலிருந்து வரும் மழைநீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். விரிசலின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கொரு முளை அடித்து, மாதம் ஒருமுறை இடைவெளியை அளந்து எழுதிவையுங்கள். ஒரு வடகிழக்குப் பருவமழை முழுதாகக் கடக்கும்வரை மிச்சப் பணத்தைக் கொடுக்காதீர்கள். இடைவெளி ஒரு விரற்கடை கூடியிருந்தாலும், அட்வான்ஸ் போனால் போகட்டும், வேறு இடம் பாருங்கள்.