மகனுக்கு கயிறடிக்க (ஸ்கிப்பிங்) வரேல்ல, மூளையில ஏதும் பிரச்சினையோ டொக்டர்?

தங்கச்சி, வயித்தில பிள்ளையோட காலபோகத்துக்கு களை புடுங்கப் போனதால தான் இவனுக்கு நரம்பு பிசகிப் போச்சோ எண்டு கடைசி வரியில எழுதியிருக்கிறீங்கள். மிச்சம் ரெண்டு பக்கமும் இந்த ஒரு வரியை எழுதத் துணிவு வராம சுத்தி வளைச்சது எண்டு விளங்குது. இல்ல. உங்கட மாமி என்ன சொன்னாலும் இல்ல. நிறை மாசத்தில பிறந்து உடன அழுத பிள்ளை, ஒரு வயசில நடந்தவன், இப்ப ஏழு வயசில சைக்கிள் ஓடுறான், மாமரத்தில ஏறுறான் எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்கள். பிறக்கேக்க மூளைக்கு ஏதும் நடந்திருந்தா பெரும்பாலும் நடையிலயே முதல் தெரிஞ்சிருக்கும்.

கயிறடிக்கிறது லேசான வேலை எண்டு எல்லாரும் நினைக்கினம். ரெண்டு கையும் ஒரே அளவில சுத்தோணும், அதே நேரம் கால் துள்ளோணும், கயிறு நிலத்தில தட்ட முதலே கால் எழும்போணும், அதையும் தாளம் பிசகாம திருப்பித் திருப்பிச் செய்யோணும். ரெண்டு காலாலயும் துள்ள ரெண்டு மூண்டு வயசில வரும், ஒத்தைக் காலில கெந்த நாலு அஞ்சில வரும், தனிய கயிறடிக்க பெரும்பாலான பிள்ளையளுக்கு ஆறு ஏழில தான் பிடிபடும், சிலதுக்கு எட்டும் ஆகும். கெந்துறது துள்ளுறது எல்லாத்திலயும் இந்த வயசில பெட்டைப்பிள்ளையள் பொதுவா முந்தி நிப்பினம், ஆனபடியா சித்தப்பான்ர மகள் நூறு அடிக்கிறாள் எண்ட கணக்கை எனக்கு அனுப்பாதேங்கோ.

நீங்கள் கேட்ட மற்றதுகளுக்கும் சொல்லிவிடுறன். சாப்பிட்டிட்டு துள்ளினா அப்பென்டிக்ஸ் வராது. கயிறடிச்சா வளத்தி நிக்காது. இடக்கையன் எண்டது நோயில்ல. மெலிவு எண்டு எழுதியிருக்கிறீங்கள், நிறையும் உயரமும் எழுதேல்ல, நான் என்னத்தைச் சொல்ல?

யூரியூப்பில ஆரோ ஒருத்தர் கயிறடிக்கத் தெரியாட்டி ஓட்டிசம் எண்டு சொன்னாராம், அதைப் பாத்திட்டு லண்டனில இருந்து அக்கா அனுப்பின ஒமேகா குளிசை, பாமசியில வாங்கின மூளை ரொனிக், கல்சியம் சிரப் எண்டு மூண்டையும் ஒண்டாக் குடுக்கிறீங்கள். எந்த டொக்டர் எழுதித் தந்தவர்? பாமசியில நிண்ட பெடியன். கயிறடிக்க வைக்கிற ரொனிக் ஒண்டும் உலகத்தில இல்ல. கல்சியம் கூடினா மலச்சிக்கல் வரும், அவன் காலமை வயித்துக்குத்து எண்டு அழுறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம், இண்டைக்கே மூண்டையும் நிப்பாட்டுங்கோ. விளையாட்டுப் பாடம் இருக்கிற நாளில மட்டும் அழுறானோ எண்டும் கவனியுங்கோ, அப்பிடியெண்டா அது வயித்துக் குத்தில்ல, மற்றப் பெடியள் சிரிக்கிறாங்கள் எண்ட பயம்.

இனி நீங்கள் கேக்காத ஒண்டு. நான் உங்களிட்ட அறிய விரும்புறது இதைத்தான். ஒரு வேலை இன்னும் வரேல்ல எண்டா பயமில்ல, முந்தி வந்த வேலை இப்ப போகுது எண்டா அது வேற கதை. மகனை முத்தத்தில சப்பாணி கட்டி இருத்தி, கெதியா எழும்படா எண்டு சொல்லிப்போட்டு சும்மா பாருங்கோ, உதவி செய்யாதேங்கோ. சடாரெண்டு எழும்பினா சரி. அப்பிடியில்லாம திரும்பி நாலு காலில நிண்டு, கையால முழங்காலையும் துடையையும் ஊண்டி ஊண்டி உடம்பை நிமித்தினான் எண்டா கவனிக்கோணும். அதோட முந்தி ஓடி ஏறின படியை இப்ப கம்பி பிடிச்சு ஏறுறான், அடிக்கடி விழுறான், நுனிக்காலில நடக்கிறான், கெண்டைக்கால் மட்டும் பலசாலி மாதிரி பருத்திருக்கு எண்டா, அடுத்த கிளினிக் நாளுக்கே கிளிநொச்சியிலயோ முல்லைத்தீவிலயோ பெரியாஸ்பத்திரி பிள்ளைகள் டொக்டரிட்ட கொண்டுபோங்கோ. ஆம்பிளைப் பிள்ளையளுக்கு வாற ஒரு தசை நோய் இருக்கு, டுஷென் எண்டு பேர். தாயின்ர பக்கத்தால வாறது, ஆனபடியா உங்கட அண்ணன் தம்பி, மாமன்மாரில ஆரும் சின்ன வயசில நடக்கேலாமப் போனவையோ எண்டு உங்கட அம்மாவைக் கேளுங்கோ, குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்லாமலும் வரும். சீபீகே எண்ட ஒரு ரத்த டெஸ்டிலயே பெரும்பாலும் சந்தேகம் தீந்திடும். அந்த நோய் இருந்தா துள்ளுறது தசைக்கு கெடுதி, அதால தான் பழக்க முதல் பாக்கச் சொல்லுறன். மரம் ஏறுற பெடியனில இதை நான் எதிர்பாக்கேல்ல, ஆனாலும் ரெண்டு நிமிசம் தானே, பாருங்கோ.

சடாரெண்டு எழும்பிறானா, அப்ப கயிறைத் தேடுவம். உடுப்புக் காயப்போடுற நைலோன் கயிறு பாரமில்லாம காத்தில அலையும், பழகிற பிள்ளைக்கு அது சரிவராது, கொஞ்சம் கனமானது வேணும். நடுக்கயித்தில ஏறி நிண்டா நுனி ரெண்டும் கமக்கட்டு மட்டுக்கு வரோணும். ஆனா முதல் கிழமை அவன்ர கையில கயிறைக் குடுக்காதேங்கோ. பழைய கிணத்துக் கயித்தின்ர ஒரு நுனியை பூவரசில கட்டி, மற்ற நுனியை நீங்கள் பிடிச்சு நிலத்தோட இஞ்சாலும் அங்காலும் ஆட்டுங்கோ, தலைக்கு மேலால சுத்த வேண்டாம், அவன் அதைத் தாண்டித் துள்ளட்டும். அது வந்தாப் பிறகு கயிறை மடிச்சு ஒரு கையில பிடிச்சு பக்கத்தில சுத்திக்கொண்டு, அது தட்டுற சத்தத்துக்கு துள்ளச் சொல்லுங்கோ. கையையும் காலையும் சேக்கிறது கடைசி வேலை, அதை முதலே செய்யச் சொல்லுறதால தான் பிள்ளையள் அலுத்துப் போகுதுகள். மண் முத்தம் போதும், சீமெந்து வேண்டாம். நாளுக்கு பத்து நிமிசம், அவனுக்கு அலுக்க முதல் நிப்பாட்டுங்கோ, சித்தப்பான்ர மகளைப் பக்கத்தில நிப்பாட்டி எண்ண விடாதேங்கோ.

ரெண்டு மூண்டு மாசம் பழக்கியும் வரேல்ல, அதோட பட்டன் பூட்ட, சப்பாத்து நூல் கட்ட, சோறு சிந்தாமச் சாப்பிட, எழுத எல்லாமே வயசுக்கு மிஞ்சின கஷ்டமெண்டா, அப்ப அது கயித்தோட நிக்கிற விசயமில்ல. உடம்பை ஒழுங்குபடுத்தி அசைக்கிறதில இப்பிடிச் சிரமம் நூறு பிள்ளையளில அஞ்சாறு பேருக்கு இருக்கும், சோம்பலும் இல்ல, மொக்கும் இல்ல, ஒக்கியுபேஷனல் தெரபி எண்டு அதுக்கு பயிற்சி இருக்கு. தரம் 4ல எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஆக்கள் பிள்ளையளைப் பாக்க பள்ளிக்கூடம் வருவினம் தானே எண்டு ரெண்டு வருசம் காத்திருக்காம நீங்களே அந்த ஒபிசில போய்க் கேளுங்கோ, போகேக்க அவன்ர கிளினிக் கொப்பியோட பள்ளிக்கூட எழுத்துக் கொப்பி ஒண்டையும் கொண்டுபோங்கோ.