எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்குப் பயிற்சி மையம் தேவையா?

கேள்வி: என் மகன் அரசு உதவி பெறும் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். தமிழ் எழுத்துகள் எல்லாம் தெரியும். ஆனால் பாடத்தை வாசிக்கச் சொன்னால் எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படிக்கிறான். முடித்ததும் என்ன படித்தாய் என்று கேட்டால் விழிக்கிறான். அருகில் உள்ள ஒரு பயிற்சி மையத்தில், மூன்றே மாதத்தில் நிமிடத்துக்கு 100 சொல் வாசிக்க வைப்பதாகச் சொல்லி 15,000 ரூபாய் கேட்கிறார்கள். சேர்க்கலாமா? (ஒரு தாய், தருமபுரி மாவட்டம்)

பதில்: சேர்க்க வேண்டாம். எழுத்து தெரிந்தும் வேகம் வராத பிள்ளைக்குத் தேவைப்படுவது, தினமும் கால்மணி நேரம் அருகில் உட்கார்ந்து அவன் வாய்விட்டு வாசிப்பதைப் பொறுமையாகக் கேட்கும் ஒருவர்தான். அவர் நீங்களாகவோ, அக்காவாகவோ, வாசிக்கத் தெரிந்த தாத்தாவாகவோ இருக்கலாம்.

அவன் விழிப்பதற்குக் காரணம் அறிவுக்குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். ‘பள்ளிக்கூடத்திலிருந்து’ என்ற ஒரே சொல்லில் 12 எழுத்துகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதலில் படித்தது மனத்திலிருந்து நழுவிவிடுகிறது. இப்படியே ஆறேழு சொற்களைக் கடந்து வருபவனிடம் பொருள் எப்படித் தங்கும்? வகுப்பில் மெய்யெழுத்துகளை ‘இக், இங், இச்’ என்று ஒப்பிக்க வைக்கும் பழக்கமும் இதைக் கெடுக்கிறது. ‘பக்கம்’ என்பதை ‘ப, இக், க, இம்’ என்று படிக்கும் பிள்ளைகள் ஏராளம். உங்கள் மகனும் அப்படிப் படித்தால் முதலில் அதை மாற்றுங்கள்: புள்ளி வைத்த எழுத்தைத் தனியே உச்சரிக்க விடாமல், முன்னெழுத்தோடு சேர்த்து ‘பக்–கம்’ என்று அசை அசையாகச் சொல்லப் பழக்குங்கள். கெ, கே, கை போன்ற எழுத்துகளில் குறி முன்னால் நிற்க, ஒலி பின்னால் வருகிறது. கொ, கோ ஆகியவற்றில் குறி இருபுறமும் நிற்கிறது. எழுத்து வரிசையை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளையும் சொல்லுக்குள் இவற்றைப் பார்த்ததும் தயங்கி நிற்பான். எனவே ‘எழுத்துகள் எல்லாம் தெரியும்’ என்று முடிவு செய்வதற்கு முன், வரிசை மாற்றி இந்த எழுத்துகளைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். தெரியாதவை பல இருந்தால் அவற்றைக் கற்பித்த பிறகே வேகத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பயிற்சிக்கு நான்காம் வகுப்புப் பாடத்தை எடுக்காதீர்கள். இரண்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்தோ எளிய கதை நூலிலிருந்தோ 50 முதல் 80 சொற்கள் கொண்ட ஒரு பகுதி போதும். பத்துச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் என்ற கணக்கில் தடுமாறினால் அது அவனுக்கு இன்னும் கடினம். வேறு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். முதலில் நீங்கள் வரிக்கு அடியில் விரல் வைத்து, பேசுவது போன்ற ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டுங்கள். அடுத்து இருவரும் சேர்ந்து வாசியுங்கள். பிறகு அவன் தனியாக வாசிக்கட்டும். அதே பகுதியை அன்றைக்கு மூன்று நான்கு முறை, மறுநாளும் ஒருமுறை வாசிக்கட்டும். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் இம்முறையை அமெரிக்க உளவியலாளர் ஜே சாமுவேல்ஸ் 1979இல் எழுதி விளக்கினார். வழிகாட்டுபவர் உடனிருக்க வாய்விட்டு வாசிப்பது பயன் தருகிறது என்று 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழுவும் அறிக்கை அளித்தது. காசு செலவில்லாத, வெகுகாலமாக அறியப்பட்ட முறை இது.

அவன் ஒரு சொல்லில் நின்றுவிட்டால் நான்கைந்து விநாடி காத்திருங்கள். வரவில்லை என்றால் சொல்லைச் சொல்லிக் கொடுத்து, அந்த வாக்கியத்தைத் தொடக்கத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். நீண்ட சொற்களை மட்டும் தாளில் வளர்த்து எழுதிக் காட்டலாம்: பள்ளி, பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்தில், பள்ளிக்கூடத்திலிருந்து. சில நாள்களில் இதுபோன்ற முடிவுகளை அவன் கண் ஒரே பார்வையில் பிடித்துக்கொள்ளும். மனப்பாடமாகச் சொல்கிறானோ என்ற ஐயம் வந்தால், அதே பகுதியின் சொற்களைக் கீழிருந்து மேலாகச் சுட்டிக் கேளுங்கள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ‘கதையில் என்ன நடந்தது?’ என்று கேட்கத் தவறாதீர்கள்.

இனி அந்த மையத்தின் வாக்குறுதிக்கு வருகிறேன். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற அட்டவணைகளில் பெரும்பாலானவை ஆங்கில வாசிப்புக்காக உருவாக்கப்பட்டவை. ஆங்கிலத்தில் மூன்று சொற்களாக எழுதப்படும் செய்தி தமிழில் ‘பள்ளிக்கூடத்திலிருந்து’ என ஒரே சொல்லாக நிற்கும்போது, அந்த எண்ணிக்கையை அப்படியே தமிழ்ப் பிள்ளையின் மீது சுமத்துவது தவறு. இதை அறியாமல் சிலர் செய்கிறார்கள். அறிந்தே செய்பவர்களும் இருக்கிறார்கள். நான் பார்த்தவரையில் இவர்களின் வழி ஒன்றுதான்: சேரும் நாளில் பிள்ளைக்குப் பழக்கமில்லாத கடினமான பத்தியைக் கொடுத்து நேரம் பார்ப்பார்கள், கடைசி நாளில், மூன்று மாதமும் வாசித்துப் பழகிய பத்தியைக் கொடுத்து மறுபடி நேரம் பார்ப்பார்கள். இரண்டு எண்களையும் அருகருகே அச்சிட்டுச் சான்றிதழாகத் தருவார்கள். பெற்றோர் மகிழ்ந்து அடுத்த நிலைக்கும் பணம் கட்டுவார்கள். பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களுக்குள் புகுந்து ஆள் சேர்த்துவிட்டுத் தரகு வாங்குபவர்களும் உண்டு. விரல் ரேகையைப் பார்த்து மூளையின் திறனைச் சொல்கிறோம், கண்களைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கிறோம் என்பவர்களை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். அவை எவற்றுக்கும் அறிவியல் அடிப்படை கிடையாது. யாரேனும் உங்களை வற்புறுத்தினால் ஒன்றே கேளுங்கள்: ‘நான் கொண்டுவரும் கதைப் புத்தகத்திலிருந்து, நான் திறக்கும் பக்கத்தை, கடைசி நாளில் என் பிள்ளை வாசிப்பானா?’ எழுதித் தர அவர்கள் முன்வர மாட்டார்கள்.

இவர்களுக்கு இடம் கொடுத்தது பள்ளி அமைப்புதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருவன் எழுந்து இரண்டு வரி வாசிக்க, மீதிப் பேர் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு பிள்ளைக்கு வாரத்தில் எத்தனை நிமிடம் கிடைக்கும்? தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்க, தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022இல் நல்ல நோக்கத்தோடு தொடங்கியது. ஆனால் பிள்ளை வாசிப்பதைக் கேட்க வேண்டிய நேரத்தில், அவன் எந்த நிலையில் இருக்கிறான் என்று செயலியில் பதிவேற்றிக்கொண்டிருக்கும்படி ஆசிரியரை வைத்தால் அவர் என்னதான் செய்வார்? பதிவேடு நிரம்புகிறது, பிள்ளையின் வாய் திறப்பதில்லை. பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்துக்காக ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிநிலை பிரித்து அச்சிட்ட சிறு நூல்கள் அரசுப் பள்ளிகளில் இருக்கின்றன. அவற்றை அலமாரியில் பூட்டி வைக்கும் பள்ளிகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அருகில் உள்ள அரசுப் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் கைப்பேசியில் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இலவசமாக உள்ளன.

மேலே சொன்ன முறை ஒருவகைப் பிள்ளைக்குப் பொருந்தாது. திக்கிப் பேசும் பிள்ளையை, வாசிக்கத் தெரியாதவன் என்று வீட்டிலும் பள்ளியிலும் தவறாக எண்ணிவிடுகிறார்கள். வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளை கடினமான சொல்லில்தான் நிற்பான். திக்கும் பிள்ளையோ தன் பெயரிலும், ‘அம்மா’ போன்ற எளிய சொல்லிலும், சாதாரணப் பேச்சிலும் தடைபடுவான். முதல் ஒலியையே திரும்பச் சொல்வான், அல்லது வாய் திறந்தும் குரல் வராமல் நிற்பான். அவனை மனத்துக்குள் வாசிக்கவிட்டுக் கேள்வி கேட்டால் சரியாகப் பதில் சொல்வான். இப்படிப்பட்ட பிள்ளைக்குக் கடிகாரம் வைத்து நேரம் பார்க்கவே கூடாது. நான்கைந்து விநாடி கழித்துச் சொல்லை எடுத்துக் கொடுக்கலாம் என்றேனே, அதுவும் இவனுக்குக் கூடாது. அவன் சொல்ல வந்ததை அவனே சொல்லி முடிக்க எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டும். வகுப்பில் தனியாக எழுப்பி வாசிக்க வைப்பதை ஆசிரியரிடம் பேசி நிறுத்துங்கள். இருவரும் சேர்ந்து வாசிப்பதை மட்டும் தயங்காமல் தொடரலாம். இன்னொரு குரலோடு சேர்ந்து வாசிக்கும்போது திக்கல் பெரும்பாலும் அப்போதைக்குக் குறைந்துவிடும். மாவட்ட அரசு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

உங்கள் மகனுக்கு முதலில் கண் பரிசோதனை செய்துவிடுங்கள். பிறகு மூன்று மாதம் இந்தக் கால்மணி நேரத்தை விடாமல் கொடுங்கள். அதற்குப் பிறகும் அதே எழுத்துகளில் குழம்பினால், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் காட்டும்படி தலைமையாசிரியரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. எனவே அந்த உதவியை உரிமையோடு கேட்கலாம். அதற்குக் கட்டணம் கேட்பவர் யாராக இருந்தாலும் கொடுக்காதீர்கள்.