செல் பெருகுகிறது, பிளாஸ்டிக் சேரவில்லையே?

கேள்வி: அமிலத்தில் வேகவைத்த கரும்புச் சக்கைச் சாற்றில் பாக்டீரியா நன்றாக வளர்கிறது. ஆனால் அது உருவாக்கும் பிஎச்பி (பாலிஹைட்ராக்ஸிபியூட்டிரேட்) பிளாஸ்டிக் மிகக் குறைவு. ஏன்?

பதில்: பெரும்பாலும் நைட்ரஜன் மிகுதிதான் காரணம். பிஎச்பி என்பது பாக்டீரியா பஞ்சத்துக்கென்று உள்ளே பதுக்கும் சேமிப்பு. சர்க்கரை மிஞ்சி நைட்ரஜன் தீர்ந்தால்தான் பதுக்கும். லிட்டருக்கு 20 கிராம் சர்க்கரைக்கு நைட்ரஜன் தரும் அம்மோனியம் சல்பேட் 1 கிராம் போதும். ஈஸ்ட் சாறு தாராளமாகச் சேர்த்திருந்தால் அதையும் குறையுங்கள், அதிலும் நைட்ரஜன் உண்டு. சூடான் பிளாக் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் செல்லுக்குள் பிஎச்பி கருந்துகள்களாகத் தெரியும். அவை நிறைந்ததும் அறுவடை செய்துவிடுங்கள். சர்க்கரை தீர்ந்தபின் காத்திருந்தால் சேர்த்ததை பாக்டீரியாவே தின்றுவிடும்.

இன்னொன்று, அந்தச் சாற்றில் சைலோஸ் என்ற சர்க்கரைதான் அதிகம். எல்லா இனமும் அதை உண்ணாது. பிரேசில் கரும்பு வயல் மண்ணில் கிடைத்த பராபர்க்கோல்டேரியா சக்காரி என்ற பாக்டீரியா உண்ணும்.