காய்ச்சல்காரப் பிள்ளையோடு ஓர் இரவு: தாய்மாரின் கேள்விகளுக்குப் பதில்கள்

மழை பிடித்துவிட்டது. இம்முறை வந்த கேள்விகள் எல்லாமே நடு இரவில், தோளில் பிள்ளையைச் சாய்த்துக்கொண்டு எழுதியவை போல இருந்தன.

ஒன்றரை வயது மகனுக்கு 102 பாகை காய்ச்சல். ஒரு கரண்டி பரசிற்றமோல் பாணி கொடுத்தும் 100இற்குக் கீழே இறங்கவில்லை. அப்பம்மா போர்வையால் சுற்றி வைத்திருக்கிறார். என்ன செய்யலாம்? (கோப்பாய்)

எந்தக் கரண்டி என்பதுதான் என் முதல் கேள்வி. வீட்டுக் கரண்டிகளில் ஒன்று மூன்று மில்லிலீற்றர் கொள்ளும், மற்றது ஏழு கொள்ளும். பாமசியில் ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கன்னத்தின் உட்பக்கமாகச் சிறிது சிறிதாக விட்டால் பிள்ளை துப்பாது, புரையேறாது.

மருந்தின் அளவைப் பிள்ளையின் எடைதான் தீர்மானிக்கிறது. ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை கொடுக்கலாம். உங்கள் போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால், 10 கிலோ பிள்ளைக்கு 5 மில்லிலீற்றர் சரியான அளவு. செறிவு கூடிய சொட்டு மருந்தும் கடையில் உண்டு. ஆகவே லேபிளை வாசிக்காமல் ஊற்ற வேண்டாம். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, நாளுக்கு நான்கு முறைக்கு மேல் கூடாது. சில தடிமன் மருந்துகளிலும் பரசிற்றமோல் கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு ஈரல் பாதிக்கப்பட்ட பிள்ளையோடு வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

102 பாகை 100 ஆனதே மருந்து வேலை செய்ததற்கு அடையாளம். இறங்கிய அந்த நேரத்தில் அவன் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறானா, பால் குடிக்கிறானா என்று கவனியுங்கள். போர்வை விடயத்தில் அப்பம்மாவோடு சண்டை வேண்டாம். நடுங்கும்போது போர்த்துவிட்டு, நடுக்கம் நின்றதும் மெல்லிய பருத்திச் சட்டையோடு விடச் சொல்லுங்கள். ஐஸ் தண்ணீரால் துடைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இரண்டு வயது மகளுக்கு வயிற்றோட்டம். ஜீவனியை (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சீனித் தூள்) வாயில் வைத்ததும் துப்புகிறாள். அரைப் பக்கெட்டை ஒரு கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறோம். பதிலாக இளநீர் கொடுக்கலாமா? (சாவகச்சேரி)

அரைப் பக்கெட்டை ஒரு கிளாசில் கரைத்தால் உப்பு மிஞ்சிவிடும். துப்புவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம், உடம்புக்கும் ஆபத்து. ஒரு லீற்றருக்கான பக்கெட் என்றால், கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் முழுவதையும் கரையுங்கள். 24 மணித்தியாலம் கழிந்ததும் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். கோப்பையோடு நீட்டாமல் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டியாகப் பருக்குங்கள். சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள். இந்த வயதில் ஒவ்வொரு முறை வயிற்றால் போனபின்பும் சுமார் 100 மில்லிலீற்றர் உள்ளே போக வேண்டும்.

இளநீரில் சோடியம் குறைவு. ஆசைக்குக் கொஞ்சம் கொடுக்கலாம், ஜீவனியின் இடத்தை அது நிரப்பாது. சோடாவும் குளுக்கோசுத் தண்ணீரும் வயிற்றோட்டத்தைக் கூட்டும். தாய்ப்பால் இருந்தால் நிறுத்த வேண்டாம். குழைந்த சோறும் பருப்பும், சொதியில் ஊறிய இடியப்பமும் தாராளமாகக் கொடுக்கலாம். வைத்தியர் சிங்க் மருந்து தந்தால், வயிற்றோட்டம் நின்றாலும் 10 முதல் 14 நாட்கள் வரை கொடுத்து முடியுங்கள். மலத்தில் இரத்தம், குழிவிழுந்த கண், கண்ணீரில்லாத அழுகை, ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் இல்லாமை: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் பிள்ளை துவண்டு கிடக்கிறாள், மூன்று முறை சத்தி எடுத்தாள், கைகால் குளிர்ந்திருக்கிறது. களைப்புத்தானே? (நல்லூர்)

இந்தத் தாய்க்கு அன்றே தொலைபேசியில் பதில் சொல்லி, பிள்ளையை வைத்தியசாலைக்கு அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காகவே இங்கே எழுதுகிறேன். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரந்தான் மிகவும் பயப்பட வேண்டிய நேரம். அப்போதுதான் குருதிக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசியும். அந்தக் கசிவு ஓரிரு நாள் நீடிக்கும். வயிற்று வலி, விடாத சத்தி, குளிர்ந்த கைகால், மூக்கிலோ முரசிலோ இரத்தம், சிறுநீர் குறைதல், இயல்பை மீறிய தூக்கம் என்று எதைக் கண்டாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990இற்கு அழையுங்கள், அம்புலன்ஸ் வரும்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். இபுபுரோபன், மெபனமிக் அமிலம், அஸ்பிரின் ஆகிய வலி, காய்ச்சல் மருந்துகள் மூன்றும் கூடாது. சிவப்பு, கறுப்பு நிறப் பானங்களையும் தவிர்த்துவிடுங்கள். சத்தியில் வந்தது பீற்றூட்டா, இரத்தமா என்று பிறகு எங்களாலும் சொல்ல முடியாது.

காய்ச்சலில் வலிப்பு வந்தால் கையில் இரும்புத் திறப்பைக் கொடுக்கச் சொல்கிறார்கள். சரியா? (கரவெட்டி)

வேண்டாம். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990. அதற்குள் நின்றாலும் முதல்முறை என்றால் வைத்தியசாலையில் காட்டியே ஆக வேண்டும். என் மகளுக்கு இரண்டு வயதில் இப்படி வந்தது. இரண்டு நிமிடங்கூட இல்லை, ஆனால் அந்த முள் நகர்ந்த விதம் இன்றும் கண்ணில் நிற்கிறது. பெரும்பாலான காய்ச்சல் வலிப்புகள் மூளைக்குத் தீங்கு செய்வதில்லை.

இரண்டு வயது மகனுக்குத் தடிமனும் இருமலும். கற்பூர எண்ணெய் பூசலாமா? எப்போது படகேற வேண்டும்? (நெடுந்தீவு)

கற்பூரம் சிறு பிள்ளைகளுக்கு நஞ்சு, வலிப்பையே வரவழைக்கும். பூச வேண்டாம். ஒரு வயது தாண்டியவன் என்பதால் தூங்குமுன் அரைக் கரண்டி தேன் கொடுக்கலாம். நாவூறு கழிப்பதில் எனக்கு மறுப்பில்லை, அதற்காகப் புறப்படப் பிந்தாவிட்டால் போதும்.

தூங்கும்போது சட்டையை உயர்த்தி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 40 அல்லது அதற்கு மேல் என்றாலோ, விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளிழுத்தாலோ உடனே தீவு வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஒரு மணித்தியாலக் கடல் இருக்கிறது, கடல் கொந்தளித்தால் படகும் இல்லை. ஆகவே உங்களைப் போன்றவர்கள் பகலிலேயே முடிவெடுத்துவிடுங்கள்.

கணவர் வெளிநாட்டில். மூன்று இரவாக நான் கண்மூடவில்லை. நேற்று பிள்ளையை அதட்டிவிட்டு நானும் அழுதேன். (மானிப்பாய்)

அம்மா, நீங்கள் கெட்ட தாய் இல்லை, தூக்கமில்லாத தாய். இன்றிரவு எட்டிலிருந்து பன்னிரண்டு வரை பிள்ளையை உங்கள் அம்மாவிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ விட்டுவிட்டு, வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுங்கள். கொடுத்த மருந்து, குடித்த அளவு, சிறுநீர் போன நேரம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பார்ப்பவர் மாறினாலும் கணக்கு மாறாது. முன்பு ஒரு தாய் கொண்டுவந்த கொப்பித்தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. பாணி சிந்திய கறைக்குப் பக்கத்தில் எழுதியிருந்தார்: "2.10 – மருந்து 5. 3.00 – மூத்திரம் போனான். 3.20 – சிரித்தான்." அதை வாசித்ததும் அந்தப் பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.