குறைந்த விலை குற்றமா? வாசகர் கேள்வி, எங்கள் பதில்

எங்கள் பள்ளிக்கு வந்த பெஞ்சுகள் ஆறே மாதத்தில் ஆட ஆரம்பித்துவிட்டன. கேட்டால், "எல்-1க்குத்தான், அதாவது குறைந்த விலை சொன்னவருக்குத்தான் கொடுக்கணும் டீச்சர், ரூல் அப்படி" என்கிறார்கள். அந்த விதியைத் தூக்கிவிட்டால் தரம் தானாக வந்துவிடாதா ஐயா?
ஆசிரியை, அரியலூர்

வராதுங்க டீச்சர். விதியைத் தூக்கினால், "இவர் பொருள் எனக்குப் பிடித்திருக்கிறது" என்று சொல்லி வேண்டப்பட்டவருக்கே வேலையைக் கொடுப்பதற்கு வழி திறந்துவிடும். அதை அடைக்கத்தான் 1998இல் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது, இந்தியாவிலேயே இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்த முதல் மாநிலம் நம்முடையது.

விலையை ஒப்பிடுவது கடைசிப் படிதான். யார் யார் போட்டியில் நிற்கலாம், வாங்கப்போவது சரியாக என்ன பொருள், வந்த பொருளை யார் எப்படிச் சோதிப்பது, இந்த மூன்றையும் அதற்கு முன்னாலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். டெண்டரில் "நல்ல தரமான மரப் பெஞ்சு" என்று மட்டும் இருந்தால், வந்த பெஞ்சைத் திருப்பி அனுப்ப உங்கள் தலைமையாசிரியருக்குக் கையில் எந்தப் பிடியும் இல்லை. என்ன மரம், பலகை எத்தனை மில்லிமீட்டர், கால்களுக்கு நடுவே குறுக்குச் சட்டம் உண்டா, எவ்வளவு எடை தாங்க வேண்டும் என்று எழுதியிருந்தால் உண்டு.

இதைச் சரியாகச் செய்து காட்டியது நம் ஊர் அமைப்புதான், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994இல் பதிவாகி 1995 ஜனவரியில் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து விநியோகத்தைத் தொடங்கியது. அதற்கு முன் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து காலாவதியாகிக் கிடக்கும், இன்னோர் ஆஸ்பத்திரியில் அதே மருந்து இருக்கவே இருக்காது. கழகத்தைக் கட்டியவர்கள், தொடக்க காலத்தில் அதை நடத்திய பூர்ணலிங்கம் ஐ.ஏ.எஸ். உட்பட, முதலில் அத்தியாவசிய மருந்துப் பட்டியலைச் சுருக்கமாக வைத்தார்கள். ஏஜென்டுகளை விட்டுவிட்டு மருந்து தயாரிப்பவர்களிடம் நேரடியாகப் போனார்கள். இரண்டு கவர் முறை வந்தது: தொழில்நுட்பக் கவரில் தேறினால்தான் விலைக் கவரையே பிரிப்பார்கள், அதனால் தொழிற்சாலையே சரியில்லாத ஒருவர் அடிமாட்டு விலை சொல்லி உள்ளே நுழைய முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கட்டம். மருந்து மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடாது, தனியாக ஒதுக்கி வைப்பார்கள். ஒவ்வொரு பேட்சிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, ஒரு குறியீட்டு எண்ணை மட்டும் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். சோதிப்பவருக்கு அது யார் மருந்து என்றே தெரியாது, பிறகு யாரைப் போய் அவர் கவனிப்பது, யார் வந்து அவரைக் கவனிப்பது? தேறினால் வெளியே போகும், தேறாவிட்டால் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், தொடர்ந்து தப்பு செய்தால் கறுப்புப் பட்டியல். ஆஸ்பத்திரிகளுக்குப் பாஸ்புக் உண்டு, ஒதுக்கிய தொகைக்குள் தேவையான மருந்தை எடுத்து அதில் பதிந்துகொள்ளலாம். மாத்திரை அட்டையிலேயே விற்பனைக்கு அல்ல என்று அச்சாகி வரும். இதைப் பார்த்துத்தான் கேரளமும் ராஜஸ்தானும் தங்கள் கழகங்களைத் தொடங்கின. கவனித்தீர்களா, இவ்வளவு நடந்த பிறகும் அங்கே ஜெயிப்பது குறைந்த விலைதான்!

கமிட்டி மேல் கமிட்டி போடுகிறார்கள், நிபுணர்கள் அறிக்கை கொடுக்கிறார்கள், அது அலமாரியில் தூங்குகிறது. இதெல்லாம் வீண் செலவுதானே சார்?
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

உங்கள் ஆதங்கம் நியாயமானது. முதல் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம், ஊழல் புகார்களை விசாரிக்க லோக்பால் என்ற அமைப்பு வேண்டும் என்று 1966இல் சொன்னது. சட்டம் நிறைவேறியது 2013இல், முதல் லோக்பால் பதவியேற்றது 2019இல். அரை நூற்றாண்டுக்கு மேல்! ஆனால் 1966இல் அவர்கள் அதை எழுதாமல் விட்டிருந்தால், பிறகு வந்த ஒவ்வொரு அரசிடமும் "அந்தப் பரிந்துரை என்ன ஆச்சு?" என்று கேட்க நமக்கு எதுவும் இருந்திருக்காது. வீண் என்று நான் சொல்ல மாட்டேன். தாமதத்துக்கு அதை எழுதியவர்களைத் திட்டக்கூடாது, கிடப்பில் போட்டவர்களைத்தான் கேட்க வேண்டும். மத்திய அரசுக் கொள்முதலுக்கென்று 2012இல் மக்களவைக்கு வந்த மசோதாவும் இப்படித்தான் காலாவதியாகிப் போனது, இன்னும் நிதி விதிகளை வைத்துத்தான் ஓட்டுகிறார்கள்.

சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். அரசு நிறுவனம் ஒன்றுக்கு உதிரிபாகம் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது, பில் பாஸ் ஆகவில்லை. கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
பட்டறைக்காரர், கோவை

பயம் புரிகிறது அண்ணே. உங்களுக்கு உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அதுவும் பொருள் கொடுப்பதற்கு முன்பே எடுத்ததாக இருந்தால் நல்லது. இருந்தால் 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் உங்கள் பக்கம். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது. அதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவித்த வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கென்று இருக்கும் அரசு இணையதளத்தில் மனு போட்டால் மாநில வசதியாக்க மன்றத்துக்குப் போகும். தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வந்து எதிர்த்தரப்பு கோர்ட்டுக்குப் போனால், தொகையில் 75 சதவீதம் கட்டிவிட்டுத்தான் போக முடியும். முதலில் இந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு கடிதம் கொடுங்கள், சில இடங்களில் அதற்கே ஃபைல் நகரும்.

பணம் எப்போது வரும் என்று தெரியாத வேலைக்கு யாரும் விலையைக் கூட்டித்தான் சொல்வார்கள், இல்லையென்றால் டெண்டர் பக்கமே வர மாட்டார்கள். உங்களைப் போன்றவர்கள் ஒதுங்கிவிட்டால் மிஞ்சுவது நாலு பெரிய ஆள்தான். கொள்முதலைச் சீர்திருத்த வருகிற நிபுணர்கள் எடுத்த எடுப்பில் பில் பட்டுவாடா பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும்.

எங்கள் தெருவில் புதுச் சாலை போடுகிறார்கள். இன்ஜினியர் அல்லாத நாங்கள் எதைச் சரிபார்க்க முடியும்?
இல்லத்தரசி, திருவண்ணாமலை

நிறைய முடியும். டெண்டர் ஆவணத்தில் தகுதி நிபந்தனைகளைப் படியுங்கள், ஒரே ஒரு ஆளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். எத்தனை பேர் போட்டியிட்டார்கள் என்றும் பாருங்கள். அப்புறம், தகவல் உரிமைச் சட்டம் என்றால் காகிதம் கேட்பது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் 2(ஜே) பிரிவு, வேலை நடக்கும் இடத்தைப் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் உங்களுக்கு உரிமை தருகிறது. அளவுப் புத்தகத்தின், அதாவது எம்-புக்கின், நகலையும் சேர்த்தே கேளுங்கள். அதில் எழுதிய நீள அகலக் கனத்தை, பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு டேப் பிடித்து நீங்களே அளந்து பார்க்கலாம்.