இரண்டு கண்ணாடிக் கடை, நாலு கட்டம்

கேள்வி: ரீச்சர், நான் திருகோணமலை வளாகத்தில் வணிக முகாமைத்துவம் இரண்டாம் வருடம் படிக்கிறேன். விளையாட்டுக் கோட்பாட்டில் வரைவிலக்கணம் எல்லாம் பாடம். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பேனை நின்றுவிடுகிறது. கணிதத்திலும் நான் பலமில்லை. இதை எப்படிப் படிப்பது?
– மாணவி, நிலாவெளி

பதில்: மகள், நான் அசைந்தால் எதிராளி எப்படி அசைவார் என்று கணக்குப் பார்க்கும் இந்தப் பாடத்தை வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்தபோது எனக்கும் இதே நிலைதான். தனித்தனியாக விசாரிக்கப்படும் இரண்டு கைதிகள் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுப்பார்களா என்ற கதையை மனப்பாடமாக எழுதிப் பாஸ் பண்ணினேன். அது விளங்கியது பல வருடம் கழித்து, உங்கள் நிலாவெளிக் கடற்கரையில்.

என் தம்பி அங்கே புறாமலைத் தீவுக்குப் போகிறவர்களுக்குச் சுழியோடும் கண்ணாடி வாடகைக்குக் கொடுத்து வந்தான். பக்கத்திலேயே இன்னொரு கடை. இரண்டு பேரும் 1,500 ரூபா வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் பக்கத்துக் கடைக்காரர் 1,000 என்று எழுதி வைத்தார். மறுநாள் தம்பியும் இறக்கினான். பின்னேரம் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தவனிடம் கணக்குக் கொப்பியை வாங்கி, பின்பக்கத்தில் நாலு கட்டம் கீறினேன்.

நாளுக்கு 20 பேர் வருகிறார்கள் என்று வைத்தோம். இருவரும் 1,500 என்றால் ஆளுக்குப் பத்துப் பேர், 15,000 ரூபா. இருவரும் 1,000 என்றால் ஆளுக்கு 10,000. ஒருவர் மட்டும் இறக்கினால் எல்லோரும் அவரிடம் போவார்கள் என்று நினைத்து, மற்றவருக்குச் சைபர் எழுதினேன். தம்பி பேனையை வாங்கி அதை வெட்டினான். “இல்ல அக்கா, தெரிஞ்ச படகுக்காரன் கூட்டி வாற நாலு பேர் எப்படியும் விலை இறக்காத கடைக்குத்தான் போவாங்க.” ஆக, இறக்கியவருக்கு 16 பேர், 16,000 ரூபா; இறக்காதவருக்கு நாலு பேர், 6,000 ரூபா.

அந்த வெட்டுத்தான் எனக்குப் பாடம். கட்டத்துக்குள் போகும் எண் தொழில் தெரிந்தவரின் வாயிலிருந்து வரவேண்டும். பாடப்புத்தகம் எண்ணைத் தயாராகத் தந்துவிடுவதால் அது எங்கிருந்து வந்தது என்று நாங்கள் கேட்பதே இல்லை. கேள்வியை மாற்றியதும் கை நிற்பது அதனால்தான்.

இனி, பக்கத்துக் கடைக்காரரின் இரண்டு விலைக்கும் மேலிருந்து கீழாக ஒவ்வொரு நிரல் என்று வைத்து, ஒரு நிரலைக் கையால் மறை. அவர் 1,500 வைத்தால் எனக்கு எது மேல்? 15,000-ஐ விட 16,000 மேல், அதன் கீழ் கோடு போடு. அவர் 1,000 வைத்தால்? 6,000-ஐ விட 10,000 மேல், கோடு போடு. பிறகு அவருடைய இடத்தில் இருந்து இதையே திரும்பச் செய். இரண்டு கோடும் சேர்ந்து விழும் கட்டம்தான், நாஷ் என்ற கணித அறிஞரின் பெயரால் சொல்லப்படும் நாஷ் சமநிலை. இங்கே அது இருவரும் 1,000-க்கு இறங்கிய கட்டம். ஒருவர் தனியே விலையை மாற்றி அதைவிட நன்மை அடைய முடியாது. இருவரும் சேர்ந்து மாற்றினால் முடியும். இதற்குக் கூட்டல் பெருக்கலுக்கு மேல் கணிதம் என்ன வேண்டும், சொல்லு.

இந்த வடிவத்தை 1950-ல் ஃப்ளட், டிரெஷர் என்ற இருவர் அமைத்தார்கள். அதற்குக் கைதிகள் கதையைப் பூட்டியவர் டக்கர். அதே வருடம் வந்த நாஷின் கட்டுரை இரண்டு பக்கத்துக்குள் அடங்கும். அதற்கு 1994-ல் நோபல் பரிசு.

ஆனால் தம்பியும் பக்கத்துக்காரரும் ஒரு நாளோடு பிரிகிறவர்கள் இல்லையே. மே முதல் செப்டெம்பர் வரை சீசன், தினமும் முகம் பார்க்க வேண்டும். இன்று விலையை இறக்கி 1,000 ரூபா கூடுதலாக எடுப்பவர், மற்றவரும் இறக்கிவிடுவதால், நாளையிலிருந்து நாளுக்கு 5,000 இழக்கிறார். அக்செல்ரொட் என்ற ஆய்வாளர் இப்படித் திரும்பத் திரும்ப ஆடும் ஆட்டத்துக்குக் கணினிப் போட்டியே வைத்தார். முதல் தடவை 14 கணினி நிரல்கள் (புரோகிராம்கள்) வந்தன. வென்றது ரப்பபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரல்: முதலில் நல்லபடி நட, பிறகு எதிராளி கடைசியாகச் செய்ததையே செய். இரண்டாம் போட்டியில் 62 நிரல்கள் வந்தும் அதுவே வென்றது. எங்கள் கதையிலும், ஒரு வாரம் கழித்து ஒருவரோடு ஒருவர் பேசாமலே இரண்டு பலகையும் 1,500-க்குத் திரும்பின. சீசனின் கடைசி வாரத்தில் திரும்ப உடைந்தன. நாளை என்று ஒன்று இல்லாவிட்டால் பயமும் இல்லை. கடைசி நாளில் தொடங்கி ஒவ்வொரு நாளாகப் பின்னுக்கு யோசித்து வருவதுதான் பின்னோக்கிய தர்க்கம்; அதை அந்தக் கடைசி வாரத்தை வைத்துப் படி, மறக்கவே மாட்டாய்.

ஒன்றையும் சேர்த்து யோசி. கண்ணாடி வாங்க வந்தவருக்கு நல்லது 1,000 ரூபாதான். கொம்பனிகள் கூடிப் பேசி விலை வைப்பதைப் பல நாடுகளில் சட்டம் தடுப்பது அவருக்காகத்தான்.

கேள்வி: போர்ட்டரின் ஐந்து சக்திகளும் விளையாட்டுக் கோட்பாடும் ஒன்றுக்கொன்று முரணா?
– வாசகர், உப்புவெளி

பதில்: முரண் இல்லை. போர்ட்டர் 1979-ல் தந்தது போட்டியாளர், வாங்குபவர், உங்களுக்குப் பொருள் தருபவர், புதிதாக நுழைபவர், மாற்றுப் பொருள் என்று யார் யார் எந்தப் பக்கம் நின்று உங்கள் இலாபத்தை இழுக்கிறார்கள் என்ற படம். நீங்கள் அசைந்தால் அவர்கள் எப்படி அசைவார்கள் என்று கேட்பது விளையாட்டுக் கோட்பாடு. படத்தை முதலில் கீறுங்கள். அதில் படகுக்காரருக்குத் தனி இடம் இல்லை, பார்த்தீர்களா? அவர் தம்பிக்குப் போட்டியாளரும் இல்லை, வாடிக்கையாளரும் இல்லை. ஆனால் அவர் ஆள் ஏற்றினால்தான் கண்ணாடி போகும். இப்படித் துணை நிற்பவரை 1996-ல் பிராண்டன்பர்கர், நேல்பஃப் இருவரும் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் ஊர் வியாபாரத்துக்கு அவர்களைப் படிப்பது மிகவும் உதவும்.

கேள்வி: உதாரணம் எல்லாம் அமெரிக்கக் கொம்பனிதான். எங்கள் நாட்டில் ஒன்றுமே இல்லையா ரீச்சர்? என் அப்பா கரையில் நின்று வலை இழுக்கும் கரைவலைக்காரர்.
– மாணவன், திருகோணமலை

பதில்: இருக்கிறது தம்பி, அதுவும் உன் வீட்டுத் தொழிலிலேயே. பொருளியலுக்கு நோபல் பரிசு பெற்ற முதல் பெண் எலினோர் ஒஸ்ட்ரொம், 2009-ல். பொதுவளத்தை மக்கள் எப்படிப் பகிர்கிறார்கள் என்று அவர் ஆராய்ந்த இடங்களில் இலங்கையின் தென்கரையில் உள்ள மாவெல்லவும் ஒன்று. அங்கே கரைவலைகளுக்கு முறை வைத்திருந்தார்கள். யார் எப்போது வலை போடுவது என்பதில் சண்டை வராதபடி நன்றாக ஒழுங்கு செய்திருந்தார்கள். ஆனால் புது வலை வருவதைத் தடுக்க அவர்களால் முடியவில்லை. வலைகள் கூடிக் கூடி ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் முறை அருகியது. வலையைக் கட்டுப்படுத்தச் சட்டம் இருந்தது, நடைமுறையில் இல்லை. கல்லோயா விவசாயிகள் வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்ட கதையையும் அவர் எழுதியிருக்கிறார். அது நல்லபடி போன கதை.

ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடுகிறாய் என்றால், விடிய முன்னம் அப்பாவோடு கரைவலை இழுக்கும் பாட்டுக்குப் போ. இன்றைக்கு முதல் வலை யாருடையது, அது எப்படித் தீர்மானமானது, முறை தப்பினவனை என்ன செய்வார்கள் என்று வலைக்குச் சொந்தக்காரரான வயதான சம்மாட்டி ஒருவரிடம் கேட்டு எழுதிக்கொள். கட்டத்தை வீட்டுக்கு வந்து கீறு. எண்களை அப்பாவிடம் காட்டி, வெட்டச் சொல்லிப் பேனையையும் கொடு.